எல்லாருக்கும் ஐந்தரைக் கட்டை

நாற்பது வருஷம் மிருதங்கம் வாசித்திருக்கிறேன். நிறைந்த சபையில் தாளம் தப்பியிருக்கிறேன், பாடகரிடம் மேடையிலேயே திட்டு வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் போன இடம் தெரியவில்லை. கொடைக்கானலில் ஒரு மே மாதப் பகலில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், அது மட்டும் போக மாட்டேன் என்கிறது. எழுத உட்கார்ந்தாலே கோபம் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் மூன்று பேர் மேல். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன்.

அறுபதுகளின் ஆரம்பம். சீசனுக்கு மலையேறி வந்து இரண்டு மாதம் தங்குகிற பெரிய மனிதர்கள் சேர்ந்து ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கிளப் ஹாலில் சங்கீத சபை நடத்திக்கொண்டிருந்தார்கள். மில் முதலாளிகள், ரிட்டயரான அதிகாரிகள். காலையில் படகு, சாயங்காலம் குதிரை, நடுவில் பொழுது போகச் சங்கீதம். அந்தச் சபையில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு ஸ்காலர்ஷிப் இருந்தது. வருஷத்துக்கு ஒருத்தி. சென்னையில் சங்கீதக் கல்லூரியில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சபை பொறுப்பு. முடித்து வந்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாட்டு டீச்சர் வேலை கிடைக்கும். நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

தேர்வுக்கு மூன்று பேரை அழைத்திருந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய பாடகர். நான் அவருக்குப் பல கச்சேரிகளில் வாசித்தவன், என் வீட்டில் அடுப்பு எரிந்ததில் பாதி அவர் கூப்பிட்ட கச்சேரிகளால்தான். இரண்டாவது, வீணை வாசிக்கிற ஓர் அம்மாள். மூன்றாவது, திண்டுக்கல்லிலிருந்து நான். சபையின் செக்ரட்டரி எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார். மிருதங்கத்துக்குத் தனியாக ஆள் வேண்டாம், நீங்களே பிள்ளைகளுக்கு வாசித்து, நீங்களே லயத்துக்கு மார்க்கும் போட்டுவிடுங்கள் என்று. இந்தக் கூத்தை எந்த ஊரிலாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பரீட்சை எழுதுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவையும் பிடித்துக்கொண்டு மார்க்கும் போடுவதா? அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

கட்டை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொண்டு ஒருவர் பாடுகிறாரோ அது அவருடைய சுருதி. ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. ஆனால் தொண்டை ஆண்டவன் கொடுத்தது, நடுவிலும் ஆட்கள் உண்டு. பாடுகிறவர் தன் தொண்டைக்குத் தகுந்த சுருதியில் பாடுவார், மற்ற எல்லாரும் அதற்கு வந்து சேர வேண்டும். மிருதங்கமும் அந்தச் சுருதியில்தான் நிற்க வேண்டும். அதற்குத்தான் எங்கள் வீடுகளில் ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக மிருதங்கம் கிடக்கும். நீளமானது ஆண்களுக்கு, குட்டையானது பெண்களுக்கு. என்னிடம் நடுவாந்தரமாக ஒன்றும் இருந்தது. மூன்று கட்டைக்கு அழகாக நிற்கும்.

கிளம்புகிற அன்று மூன்றையும் பார்த்தேன். வத்தலக்குண்டில் பஸ் மாற வேண்டும், மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுக்கிறவர்களுக்கு நடுவில் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். பாடப் போவது பெண் பிள்ளைகள்தானே, ஐந்தரைக் கட்டைக்குக் குட்டையானது ஒன்று போதும் என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவுதான் நடந்தது. உலகத்தில் உள்ள பெண் பிள்ளைகள் எல்லாரும் ஐந்தரைக் கட்டை என்று மிருதங்கக்காரன் ஒருவனால்தான் நினைக்க முடியும்.

போட்டி அன்று காலை நல்ல பனி. ஹாலில் கணப்பு மூட்டியிருந்தார்கள், அதன் பக்கத்திலேயே எங்கள் மூன்று பேருக்கும் நாற்காலி. ஈரக் காற்றில் மிருதங்கத்தின் தோல் தொய்ந்துபோனது. கணப்பில் காட்டிக் காட்டி, கல்லை வைத்துத் தட்டித் தட்டி ஐந்தரைக்குக் கொண்டுவர எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பாடகர் கம்பளிச் சட்டை, அதன் மேல் சால்வை, கழுத்தில் மப்ளர், கையில் ஃபிளாஸ்க். பாட வந்த எட்டுப் பிள்ளைகளும் வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கணப்பு கிடையாது. உள்ளே வந்தால் சத்தமாக இருக்குமாம்.

முதலில் பாடகரை ஒரு கடவுள் வாழ்த்துப் பாடச் சொன்னார்கள். சுருதிக்கு ஆர்மோனியத்தில் ஐந்தரையை அழுத்திக்கொண்டிருந்தான் கிளப் ஆள். பாடகர் முகம் கோணிற்று.

"என்னைப் பாத்தா பொம்பளை மாதிரியா இருக்கு? ஒண்ணரைக்கு எறக்குப்பா."

கிளப் ஆள் விரலை நகர்த்தினான். அவ்வளவுதான் வேலை, கண்ணிமைக்கிற நேரம். நான் என் மிருதங்கத்தைப் பார்த்தேன், அது ஒன்றரைக்கு ஜென்மத்தில் இறங்காது. பாடகர் என் பக்கம் கையை ஆட்டினார். "நீர் சும்மா இரும் ஓய். இதுக்கு மிருதங்கம் எதுக்கு?"

சும்மா இருந்தேன். அவர் மிருதங்கம் இல்லாமலே பாடினார். நன்றாகத்தான் பாடினார். எதிரே உட்கார்ந்திருந்த சபைக்காரர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். கிளப் ஆள் விரலை மறுபடி ஐந்தரைக்கு நகர்த்தினான், போட்டி தொடங்கியது.

முதல் ஆறு பிள்ளைகளுக்கும் தொண்டை ஐந்து, ஐந்தரைதான், வைத்த சுருதியிலேயே பாடிவிட்டார்கள். அதில் மதுரைக்காரப் பெண் ஒருத்திக்கு அந்தச் சுருதி அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. சுத்தமாகப் பாடினாள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

ஏழாவதாக வந்தவள் பாலசமுத்திரத்துப் பெண். அப்பா அங்கே ஒரு சின்னக் கோயிலில் ஓதுவார் என்று செக்ரட்டரி தாளைப் பார்த்துப் படித்தார். பாலசமுத்திரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைதான், ஆனால் பஸ் திண்டுக்கல், வத்தலக்குண்டு என்று ஊரைச் சுற்றித்தான் வந்து சேரும். தாயும் மகளும் முதல் நாளே கிளம்பி, பண்ணைக்காட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, காலையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பருத்தித் தாவணி. ஸ்வெட்டர் கிடையாது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் பேச்சில் நடுக்கம் இல்லை.

"அய்யா, சுருதியக் கொஞ்சம் எறக்கித் தரச் சொல்லுங்கய்யா. எனக்கு மூணு கட்டைங்க. எங்கப்பாகூட ஓதிப் பழகுன குரலு. மேல ஏறாதுங்க."

அந்தப் பேச்சுக் குரலே கனமாக, வளமாக இருந்தது. பாடகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு கட்டையா? நீ பாட வந்தியா, உங்கப்பா பாட வந்தாரா?" வீணை அம்மாளும் சிரித்தார். வாசலில் நின்ற பெண்ணின் தாய் மட்டும் சிரிக்கவில்லை.

செக்ரட்டரி ரிட்டயராவதற்கு முன்னால் கோர்ட்டில் இருந்தவர். மேஜை மேல் மணி ஒன்று வைத்திருந்தார். "இதோ பாரும்மா, எல்லா கேண்டிடேட்டுக்கும் ஒரே சுருதி. ஒருத்தருக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தருக்கு இன்னொரு மாதிரின்னா ஃபேரா இருக்காது. ரூல்னா எல்லாருக்கும் ரூல்."

எல்லாருக்கும் ரூல்! எட்டுப் பேருக்கும் ஒரே அளவில் செருப்பு வாங்கிப் போட்டுவிட்டு ஓடச் சொல்வதற்குப் பெயர் நியாயமாம். அவரையாவது விடுங்கள், அவருக்குச் சங்கீதம் தெரியாது. பக்கத்தில் மூன்று வித்வான்கள் உட்கார்ந்திருந்தோமே, எங்களுக்குமா தெரியாது? இன்னொருவர் சுருதியில் ஒரு நிமிஷம் பாடச் சொன்னால் சால்வையை உதறிக்கொண்டு எழுந்து போகிற ஜாதி நாங்கள்.

அவள் செக்ரட்டரியை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். மிருதங்கம் யார் மடியில் இருக்கிறதோ அவன்தான் இதற்கு முடிவு சொல்ல வேண்டியவன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாடகரும் என் பக்கம் திரும்பினார்.

"என்ன ஓய், உம்ம மிருதங்கம் மூணுக்கு எறங்குமா?"

"எறங்காதுண்ணே" என்றேன்.

பொய் இல்லை. இறங்காதுதான். கட்டாயப்படுத்தினால் தோல் தொளதொளத்துப் போய்த் தகரம் மாதிரிக் கேட்கும். ஆனால் அதற்கு மேல் ஒரு வாக்கியம் இருந்தது. மிருதங்கம் இல்லாமல் பாடட்டும், அவள் கையில் போடுகிற தாளத்தைப் பார்த்தே நான் லயத்துக்கு மார்க் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது. மிருதங்கம் வேண்டாமென்றால் நான் எதற்கு இங்கே என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. பாடகர் கேலி செய்துவிட்ட பிறகு நாம் மறுத்துப் பேசினால் அடுத்த மாதக் கச்சேரிகளுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று இன்னொன்றும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் பாடினாள். கல்யாணியில் ஒரு கீர்த்தனை. கீழே சஞ்சரிக்கும் வரைக்கும் ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்புறம் பாட்டு மேலே ஏறியது. மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டாள், அதைத் தாண்டிக் காந்தாரத்துக்குப் போகும்போது குரல் பிசிறிற்று. நிறுத்தவில்லை. மறுபடி அதே வரியை எடுத்தாள், கழுத்து நரம்பு புடைக்க முட்டினாள், மறுபடி பிசிறிற்று. மூன்றாம் தடவை அந்த இடத்தை மட்டும் கீழ் ஸ்தாயியில் மடக்கிப் பாடிச் சமாளித்தாள். இவ்வளவு அவஸ்தையிலும் தாளம் ஒரு மாத்திரை நகரவில்லை. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நானும் என் மிருதங்கமும் சேர்ந்து அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம். செக்ரட்டரி மணி அடித்தார்.

அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். எட்டாவது பெண்ணும் பாடி முடித்தாள். நாங்கள் மூவரும் மார்க் போடப் பக்கத்து அறைக்குப் போனோம். ஜன்னல் திறந்திருந்தது, கீழே கிளப்பின் கல்படிகள். தாளில் பேர், வயசு, ஊர், அதற்கப்புறம் மார்க்குக்கு மூன்று கட்டம். நான் பாலசமுத்திரத்துப் பெண்ணுக்கு லயத்தில் முழு மார்க்கும் போட்டேன். பெரிய தர்மம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. பாடகர் சுருதிக் கட்டத்தில் எழுதினதைப் பார்த்தேன். அதைச் சொல்ல எனக்கு நா கூசுகிறது.

"சாரீரமே இல்லையே" என்றார் அவர்.

"கேட்கவே கஷ்டமா இருந்தது" என்றார் வீணை அம்மாள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாகப் பாட்டு வந்தது. அதே கீர்த்தனை. ஆர்மோனியமும் இல்லை, மிருதங்கமும் இல்லை. மூன்று கட்டை. அந்தக் காந்தாரத்துக்குப் படியேறுகிற மாதிரி ஏறி, நின்று, அசைத்து, இறங்கினாள். என்ன குரல் ஐயா அது! பெரிய மேடைகளில் பெரிய பெரிய ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அப்படி ஒரு காந்தாரத்தை நான் கேட்டது குறைவு. வீணை அம்மாளின் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. பாடகர் கண்ணை மூடினார். அவருடைய வலது கை அவரைக் கேட்காமலே தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. சரணம் முழுக்கப் போட்டது. நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பாட்டு முடிந்தது. பாடகர் கண்ணைத் திறந்தார், எழுந்தார், ஜன்னலைச் சாத்தினார். "பனி உள்ள வருது" என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அண்ணே, அந்தப் பொண்ணை இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேட்டுரலாம்ணே. அதோட சுருதியிலயே."

"போட்டி முடிஞ்சாச்சு."

"நாம இப்ப கேட்டோமே அண்ணே."

"வெளியில ஆயிரம் பேர் பாடுவான். அதுக்கெல்லாமா மார்க் போடுறது?"

"காலையில நீங்க மிருதங்கம் இல்லாமத்தானே பாடுனீங்க? அதுக்கு மட்டும் ஏன்..."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். கோபமே படவில்லை. "அங்க அவ உம்மைத்தானே பாத்தா? அப்ப ஏன் ஓய் வாயத் தொறக்கல? எறங்காதுன்னு சொன்னது நானா? இப்ப வந்து எனக்கு நியாயம் சொல்றீரு."

வீணை அம்மாள் "பாவம்" என்றார். பாவமாம்! சொல்லிக்கொண்டே முதல் கையெழுத்தை அவர்தான் போட்டார். அடுத்தது பாடகர். மூன்று பேர் கையெழுத்தும் இருந்தால்தான் முடிவு செல்லும். தாளை என் பக்கம் நகர்த்தினார்கள். முதலிடம் மதுரைப் பெண். அவளும் நன்றாகத்தான் பாடினாள், அவள் வாயில் ஏன் மண்ணைப் போட வேண்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்? பேனாவை வாங்கிக் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஹாலில் செக்ரட்டரி முடிவைப் படித்துக்கொண்டிருந்தபோது நான் பின்பக்கமாக வெளியே வந்தேன். தாயும் மகளும் கல்படியில் உட்கார்ந்து, வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவு அவர்களுக்கும் கேட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தாய் எழுந்திருக்கப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"சாமி, தப்பா நெனைக்காதீங்க. குரல் பிசிறுனதுலேருந்து ஒரே அழுகை. அதான், ஒருக்க உங் குரல்ல பாடிட்டு வாடி, இம்புட்டுத் தூரம் வந்து பாடாமப் போகக்கூடாதுன்னேன். உள்ள உங்களுக்குத் தொந்தரவாப் போச்சோ?"

"இல்லைம்மா" என்றேன்.

அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். அழுத முகம், ஆனால் குரல் நேராக இருந்தது. "நீங்க சொன்னது சரிதாங்கய்யா. மிருதங்கம் எறங்காது. எனக்கும் தெரியும். இல்லாமப் பாடட்டும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்கய்யா."

அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் முன்னால் என் வாயிலிருந்து வருமென்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? தப்பு என்னுடையதம்மா என்று சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள் என்று காலில் விழுந்திருந்தாலும் தகும். நான் சொன்னதைக் கேளுங்கள்.

"அடுத்த வருஷம் வாம்மா. உனக்குன்னே மூணு கட்டை மிருதங்கம் எடுத்துட்டு வர்றேன். இப்ப ஒண்ணும் கெட்டுப்போயிரல."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். தாய் பொட்டலத்தை மடித்துக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் எனக்கு வயசு கடந்துருமேங்கய்யா. பதினெட்டுக்கு மேல எடுக்க மாட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்ட தாள்லயே எழுதியிருக்குமே."

"வெரசா வா புள்ள, ஜீப்பு போயிரும்" என்றார் தாய். இருவரும் ஏரிப் பக்கம் இறங்கிப் போனார்கள். நான் திரும்ப அறைக்குப் போனேன். தாள் இன்னும் மேஜை மேல்தான் கிடந்தது. ஏழாவது வரியில் வயது பதினெட்டு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.